போர் வண்டியில் பூட்டிக்கொண்ட கோப்பு

“டேட்டாபேஸ் பூட்டப்பட்டுள்ளது. பதிவு ஏறவில்லை.” சிவப்பு எழுத்தில் இந்த ஒரு வரி. ஆழ்துளைக் கிணறு போடும் எங்கள் போர் வண்டியின் முன் சீட்டில், கல்மாவு படிந்து கிடந்த லேப்டாப்பில்தான் முதன்முதலாக அதைப் பார்த்தேன். வெளியே கம்ப்ரசர் அலறிக்கொண்டிருக்கிறது, ராடு பாறையில் இறங்கிக்கொண்டிருக்கிறது, இங்கே இது மட்டும் வேலைநிறுத்தம் செய்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு டிரில்லரைக் கூப்பிட்டு, “பூட்டினது யாருய்யா?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு தெரிந்தது, கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கே தோன்றாத கேள்வி ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குத் தோன்றியது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கையால் சுற்றித் துளை போடுகிற காலத்தில் கூலிக்குப் போனவன் நான். இன்றைக்கு இரண்டு போர் வண்டிகளுக்குச் சொந்தக்காரன். மீமிசல் கடற்கரை மணலிலிருந்து திருவரங்குளத்துச் செம்புறாங்கல் வரைக்கும் எந்தப் பூமி எப்படி வழிவிடும் என்று காலால் மிதித்துச் சொல்வேன். எல்லாம் என் மண்டைக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்துப் பதிய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் என் கொழுந்தியாள், வீட்டுக்காரியின் தங்கை. “மச்சான், நீங்க போயிட்டா ஒங்க மண்டையும் போயிரும். அதுக்குள்ள அத எறக்கி வைக்கணும்,” என்பாள். அவளை இந்த வேலைக்கு இழுத்தால் அவள் புருஷன், என் சகலை, சங்கடப்படுவாரே என்று பார்க்க அங்கே ஆளில்லை. அவர் இளவயதிலேயே போய்விட்டார். ஆவுடையார்கோவிலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து அவளாகவே நிமிர்ந்து நின்றாள். அப்புறம் எல்லார் கைக்கும் போன் வந்தது. டைப் அடிக்கவும் பாரம் நிரப்பவும் ஆள் வருவது குறைந்து, சென்டரை மூடினாள். எங்கள் வீட்டோடு வந்துவிடு என்று அக்காக்காரி கூப்பிட்டதற்கு, “வாரேன், விருந்துக்கு வாரேன்,” என்று சொல்லிவிட்டாள்.

வண்டிக்கென்று அவள் எழுதிய புரோகிராமில் இரண்டு பகுதி. ஒன்று, ராடு எண்ணுகிற பெட்டி. ஒவ்வொரு ராடும் எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்று அதுவே பார்த்துக் குறித்துக்கொள்ளும். சீக்கிரம் இறங்கினால் இளக்கமான பூமி, நேரம் பிடித்தால் பாறை. இன்னொன்று, டிரில்லர் ஊர், பேர், மண் சரியாமலிருக்கக் கேசிங் பைப் இறக்கியது, தண்ணீர் கண்டது எல்லாம் தட்டுகிற திரை. இரண்டும் ஒரே கோப்பில்தான் எழுதும். அந்தக் கோப்புதான் டேட்டாபேஸ். பெரிய ஆபீசுகளில் இதற்கென்று தனி மிஷின் ஓடிக்கொண்டே இருக்குமாம். இது சின்ன ரகம், புரோகிராமுக்குள்ளேயே குந்தியிருக்கும், கூப்பிட்டால் எழுதும், பராமரிப்பே கிடையாது என்றாள். அவள் வீட்டில் ஓட்டினால் பட்டுப்போல ஓடியது. வண்டியில் ஏற்றினால் சிவப்பு எழுத்து. அது வந்தால் ராடுக் கணக்கில் நடுநடுவே ஓட்டை விழும்.

எனக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. வண்டியின் அதிர்வுதான் காரணம் என்று நான் சாதித்தேன். என் வார்த்தைக்காகவே லேப்டாப்புக்கு அடியில் ஸ்பாஞ்சு வைத்துக் கட்டினாள். சரியாகவில்லை. கோப்பை ஆன்லைனில் தானாக ஏற்றுகிற போல்டரில் வைத்திருக்கிறோமா என்று பார்த்தாள். அப்படி வைத்தால் அந்த ஏற்றுகிற ஆளும் இதைப் பிடித்து இழுப்பானாம். அப்படியும் இல்லை. பிறகு, எழுத இடம் கிடைக்காவிட்டால் உடனே திரும்பாமல் சற்றுப் பொறுத்துப் பார்க்கும்படி பெட்டிக்குச் சொல்லி வைத்தாள். “மச்சான், இனிமே அது கோவிச்சுக்கிட்டு ஒடனே போவாது. வாசல்ல கொஞ்சம் நின்னு பாத்துட்டுத்தான் போகும்.” வாசலில் நின்றது, பிறகு போனது. சிவப்பு எழுத்து கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

நடுவில் இன்னொரு கூத்து. அச்செடுப்பதற்காக டிரில்லர் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். போய்ப் பார்த்தால் கடைசியாகப் போட்ட போர் மட்டும் அதில் இல்லை. வண்டியில் இருக்கிறது, பென்டிரைவில் இல்லை. நான் மலைத்துப் போனேன். கொழுந்தியாள் போனிலேயே கேட்டாள், “அண்ணே, பெரிய கோப்புக்குப் பக்கத்துல அதே பேருல குட்டியா ரெண்டு கெடக்குமே, அத எடுத்தீங்களா?” அவர், “குப்பைன்னு நெனச்சு விட்டுட்டேன்க்கா,” என்றார். புதிதாக எழுதியது முதலில் அந்தக் குட்டிக் கோப்பில்தான் விழுமாம், சாவகாசமாகத்தான் பெரியதில் போய்ச் சேருமாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. கடையிலிருந்து வந்த அரிசி மூட்டையிலேயே இருக்கும், பிறகுதான் டிரம்மில் கொட்டுவோம். டிரம்மை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் மூட்டை அரிசி எப்படி வரும்? புரோகிராமை ஒழுங்காக மூடிவிட்டு எடுங்கள், அதில் உள்ள நகல் எடுக்கும் பட்டனை அமுக்குங்கள் என்றாள். அந்தத் தொல்லை அதோடு தீர்ந்தது. சிவப்பு எழுத்து தீரவில்லை.

இதற்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். சும்மா இருக்கிற ஆளா நான்? சுற்றுவட்டாரத்தில் வண்டி வைத்திருக்கிற முதலாளிமார்களையெல்லாம் கூப்பிட்டு, என் வண்டியில் ஒரு அதிசயம் ஓடுகிறது, வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர்களும் வாங்கினால் கொழுந்தியாளுக்கு அது ஒரு பிழைப்பு. அவளிடம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. “சரியாகாத சாமானக் காட்டவா ஊரக் கூட்டுனீங்க? அன்னைக்கு அந்தச் செவப்பு எழுத்து வந்துச்சுன்னா, சனிக்கெழம நான் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போயிருவேன் மச்சான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கடையில் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

இரண்டு நாள் முன்னதாக ஒரு குடையை எடுத்துக்கொண்டு வண்டியோடு வந்துவிட்டாள். எங்கள் தொழிலில் சூடம் கொளுத்தி ராடை இறக்கிவிட்டால் நடுவில் இஞ்சினை நிறுத்த மாட்டோம். நிறுத்தினால் தூள் கீழே இறங்கி, ராடு நுனியில் பாறையை உடைக்கிற ஹேமரைக் கவ்விக்கொள்ளும். அவள் லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை. டிரில்லரின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூடம் அணைந்ததும் அவர் ‘புதுப் பதிவு’ என்பதைத் திறந்தார். ஊரையும் பேரையும் தட்டினார். சேமிக்கும் பட்டனை அமுக்காமல் இறங்கிப் போய்விட்டார். ஹேமர் மேலே வந்து, குழாயை மூடிய பிறகுதான் வந்து அமுக்கினார். அதுவரைக்கும் திரை திறந்தபடியே கிடந்தது, சிவப்பு எழுத்தும் வந்து வந்து போனது.

“ஏண்ணே, மொதல்லயே அமுக்கிட்டுப் போகலாம்ல?” என்று கேட்டாள்.

அவர் துண்டை உதறினார். “தண்ணி வர்றதுக்கு முன்னாடி பதிஞ்சா பூமி மூடிக்கிருங்க்கா. எங்கப்பாரு காலத்துலேருந்து அப்படித்தான். துளை முடிஞ்சாத்தான் பேரயே பதிவோம்.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னாள். “பூட்டுனது யாருன்னு கேட்டீங்கள்ல. அவருதான். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுதலாம் மச்சான், படிக்க எத்தன பேரு வேணும்னாலும் வரலாம். புதுப் பதிவத் தொறந்தாலே அவருக்குன்னு எடம் புடிச்சு வைக்கிற மாதிரி நாந்தான் எழுதிட்டேன். அவரு காலையிலேருந்து புடிச்சுக்கிட்டே இருக்காரு. ராடுப் பொட்டி வாசல்ல நின்னு நின்னு பாத்துட்டுப் போயிருது. வீட்டுல நான் தொறந்த கையோட அமுக்கிருவேன், அதான் எனக்குத் தெரியல.” ஒரு குழிக்குள் ஒரு ராடுதான் இறங்கும், எட்டிப் பார்க்க ஊரே நிற்கலாம் என்று நான் சொன்னேன். “அதேதான்,” என்றாள். அவளே ஒத்துக்கொண்ட உவமை.

பட்டனை உடனே அமுக்கச் சொல்லி டிரில்லருக்கு நான் உத்தரவு போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். “நீங்க நிக்கிறப்ப அமுக்குவாரு. நீங்க போனதும் பயந்து விட்டுருவாரு. அவரு பயத்த மாத்துறதுக்கு எம் புரோகிராம மாத்துறது லேசு.” அவர் தட்டுவதெல்லாம் திரையோடு நிற்கும்படி செய்தாள். பட்டனை அமுக்குகிற அந்தக் கணத்தில் மட்டும் கோப்பைத் தொடும், எழுதும், விட்டுவிடும். இதில் ஒரு குறை உண்டு என்று அவளே சொன்னாள். அமுக்காமல் மூடிவிட்டால் அவர் தட்டியது எதுவும் தங்காது.

வெள்ளிக்கிழமை திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். தோட்டக்காரருக்கு என் வயது இருக்கும், அதிகம் பேசாதவர். முதலாளிமார்கள் தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். ராடு இறங்க இறங்க, திரையில் கோடு கோடாக ஏறியது. சிவப்பு எழுத்து வரவேயில்லை. கொழுந்தியாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் சரிதான், தண்ணீர்தான் வரவில்லை. புழுதி, புழுதி, வெள்ளைப் புழுதி. பகல் முழுக்க இறக்கியும் ஈரம்கூடத் தட்டவில்லை. தோட்டக்காரர் போதும் என்று கையைக் காட்டினார்.

முதலாளிகளில் ஒருவர், ஆள் கொஞ்சம் கிண்டல் பேர்வழி, எழுந்து வேட்டியைத் தட்டினார். “தண்ணியில்லாத போருக்குக் கம்ப்யூட்டரு எதுக்கு முதலாளி? கருமாதிப் பத்திரிகை அடிக்கவா?” எல்லாரும் சிரித்தார்கள். டிரில்லர் தலை கவிழ்ந்து வண்டியில் ஏறினார். வறண்ட துளையை நாங்கள் பேசுவதில்லை, அது தொழிலுக்கு அவமானம். லேப்டாப்பை அப்படியே மூடப் போனார். மூடினால் ராடுக் கணக்கு மட்டும் பெயரில்லாமல் கிடக்கும், யார் துளை என்று இருக்காது. கொழுந்தியாள் ஒரு அடி முன்னால் வைத்தாள். அதோடு நின்றுவிட்டாள். பட்டனை அமுக்கச் சொன்னால் அது அவள் பிழைப்புக்காகச் சொன்னதாக ஆகிவிடும் அல்லவா?

“மூடாதீங்க,” என்றார் தோட்டக்காரர். அன்று அவர் உரக்கப் பேசியது அப்போதுதான். “என் பேரப் போட்டு ஏத்துங்க. எத்தன ராடு, எங்கன பாறை, ஒண்ணு விடாம ஏத்துங்க. எங்கப்பா இந்த எடத்துல கெணறு வெட்டிப் பாத்தாராம், பொய்த்துப்போச்சாம். அத யாரும் எங்கிட்டச் சொல்லல. இப்ப நானும் தோண்டிட்டேன். நாளைக்கு எம் மக வந்து இதே எடத்துல தோண்டக் கூடாது.”

டிரில்லர் என்னைப் பார்த்தார். நான் கொழுந்தியாளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பட்டனை அமுக்கினார். ஏறியது. முதலாளிமார்களுக்குக் காட்டவென்று கொழுந்தியாள் கொண்டுவந்திருந்த சின்னப் பிரிண்டரில் அச்செடுத்த தாளைத் தோட்டக்காரர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது, கிண்டல் பேசிய முதலாளி நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார். “ஏம்மா, இத என் வண்டில மாட்டணும்னா நீ வருவியா, இல்ல நான் எங்கிட்டாச்சும் வரணுமா?” என்று கேட்டார்.

சனிக்கிழமை அவள் ஜவுளிக் கடைக்குப் போகவில்லை. இப்போது திருச்சியில் இருக்கிறாள், ஆந்திரா வண்டிகள் வரைக்கும் அவள் புரோகிராம் ஓடுகிறது. எங்காவது கோப்பு பூட்டிக்கொண்டது என்று போன் வந்தால், டிரில்லரின் வழக்கம் என்ன என்று முதலில் கேட்கிறாளாம். அந்தக் கேள்வியின் மூலம் யாருடையது என்று நான் இங்கே சொல்லத் தேவையில்லை.

போன மாதம் அந்தத் தோட்டத்தில் புதுமனை புகுவிழா. தோட்டக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள்தான் அழைத்தது. கொழுந்தியாளும் பஸ் ஏறி வந்திருந்தாள். தண்ணீர் கண்ட போர் தோட்டத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்தது. வீடு மட்டும் நாங்கள் அன்று துளைத்த இடத்தின் மேலேயே நின்றது. ஏன் இங்கே என்று கேட்டேன். “கீழ தண்ணியில்லன்னு அப்பா தாள் வச்சிருந்தாரே மாமா. தண்ணியுள்ள எடத்த வெள்ளாமைக்கு விட்டுட்டு, இங்கன கட்டுனோம்,” என்று சொல்லி எங்கள் இருவருக்கும் இலை போட்டாள் அந்தப் பெண். கொழுந்தியாள் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு என்னைப் பார்த்தாள். தண்ணீர் வந்த போருக்கெல்லாம் மாலை வாங்கியிருக்கிறேன். வராத போருக்கு என்னைக் கூப்பிட்டு விருந்து போட்டது அந்த வீடு ஒன்றுதான்.