வெள்ளை நுனி நத்தைகள்

ரப்பர் குழாயின் ஒரு முனையை மீன் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவாள். தண்ணீர் உதடு வரை வந்ததும் குழாயை வாளிக்குள் இறக்கிவிடுவாள். சில நாள் ஒரு மடக்கு வாய்க்குள் போகும். துப்பிவிட்டு, "வடிகட்டி அடைச்சிருக்கு" என்பாள். அநேகமாக அடைத்திருக்கும். தண்ணீரைச் சோதிக்கக் கடையில் காகிதப் பட்டைகள் விற்கிறார்கள். நிறம் மாறுவதைப் பார்த்துச் சொல்லலாம். அவளிடமும் ஒரு டப்பா இருந்தது. யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் மட்டும் வெளியே எடுப்பாள்.

ஏழு மீன் தொட்டிகள் அவள் பொறுப்பில் இருந்தன. இரண்டு வீடுகளில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், முதியோர் இல்லத்தில், ஒரு வக்கீலின் முன்னறையில், பல் டாக்டரிடத்தில். ஏழாவது காப்பீட்டு அலுவலகத்துத் தொட்டி. உண்மையில் அதுதான் முதலாவது. அங்கே தரை துடைக்கச் சேர்ந்தவள் அவள். மூலையில் பச்சை பிடித்த ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதைத் துடைப்பது அவள் வேலையா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. துடைத்தாள். உள்ளே மூன்று மீன்கள் இருப்பது மேலாளருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அது நடந்து பதினோரு வருடம். இப்போது அவள் தரை துடைப்பதில்லை. எல்லா இடத்திலும் அவளுக்குத் தொட்டிக்காரம்மா என்று பெயர்.

ஒரு விஷயத்தில் கறாராக இருப்பாள். கடையில் வாங்கிய செடி எதுவானாலும் ஒரு நாள் முழுக்கப் படிகாரத் தண்ணீரில் கிடந்தாக வேண்டும். இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் நத்தை முட்டை, பொடி நத்தை எல்லாம் அதில் போய்விடும். பிறகு இரண்டு தடவை அலசித்தான் தொட்டியில் நடுவாள். அவள் கொண்டுபோன செடியோடு நத்தை வந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. இதை அவளே அடிக்கடி சொல்லிக்கொள்வாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் ஒரு நாள் ஊறப்போட்டிருக்கலாம்ல?" என்பார் கணவர். அவருக்கு ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் வேலை.

"போட்டிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

பல் டாக்டரின் தொட்டி நாலடி நீளம். காத்திருப்பு அறையில், குழந்தைகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே இருந்தது. செடிகள் அடர்ந்த தொட்டி. மீன்களைவிட அதில் டாக்டருக்குப் பிடித்தது சிவப்பு இறால்கள்தான். ஒவ்வொன்றும் விரல் நக அளவு இருக்கும். மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நின்றபடியே சாப்பிடுவார்.

வாசல் மேசையில் உட்கார்ந்து வரிசைச் சீட்டுக் கொடுப்பவரைச் சீட்டுக்காரர் என்றார்கள். ஐம்பத்தெட்டு வயது. வலது முழங்காலில் தகடு வைத்திருந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால்தான் இங்கே சேர்ந்தார். குழந்தைகளைச் சமாளிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டதும், வெளியே காத்திருக்கும் குழந்தையின் முகம் கோணும். உடனே அதைத் தொட்டியருகே கூப்பிட்டு, மீன் தீனி டப்பாவைத் திறந்து, "ஒரு சிட்டிகை போடு பாக்கலாம்" என்பார். மீன்கள் மேலே பாயும். குழந்தை அழ மறந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வாளியோடு உள்ளே வந்தபோது டாக்டர் தொட்டியருகே நின்றிருந்தார். கையுறை போட்ட விரலைக் கண்ணாடியில் வைத்தார்.

"இது என்ன?"

எள் அளவில் இருபது முப்பது. அரிசி அளவிலும் அதற்கு மேலும் ஏழெட்டு. கண்ணாடியில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தன.

"நத்தை டாக்டர்."

"நத்தைன்னு எனக்கும் தெரியுது. எப்படி வந்துச்சு? காலையில ஒரு அம்மா இதைப் பாத்துட்டு, இங்க கருவியெல்லாம் கழுவுவீங்களான்னு கேக்கறாங்க."

அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தாள். செடிகளுக்கு நடுவே மீன்கள் தின்னாத தீனி பஞ்சுபோல் பூசணம் பூத்துக் கிடந்தது.

"தீனி அதிகம் டாக்டர். மீன் தின்னது போக மிச்சம் அடியில தங்குது. மிச்சம் இருந்தா இதுங்க பெருகிடும்."

அது உண்மைதான். டாக்டர் மேசைப் பக்கம் திரும்பினார்.

"காலையில ஒரு தடவைன்னுதானே சொல்லியிருக்கேன்?"

சீட்டுக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பிள்ளைங்க அழும்போது மட்டும்தான் டாக்டர்."

"ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைங்க அழுது?"

அவர் யோசித்துப் பார்த்தார். "வர்றது எல்லாமே அழுது டாக்டர்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் வழக்கம்போல் வேலையை முடித்தாள். அடியில் கிடந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுத்தாள். கிளம்பும் முன் பெரியதாகப் பார்த்து ஐந்து நத்தைகளைக் காலி மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டாள். எந்த வகை என்று பார்த்து வைப்பது வழக்கம். வேறு காரணம் இல்லை.

வீட்டில், கணவர் சின்ன ஸ்க்ரூக்களைப் பார்க்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, நத்தைகளை வெள்ளைத் தட்டில் பரப்பினாள்.

"யாரு, விருந்தாளியா?"

"பல் டாக்டர் தொட்டியில ஏறிக்கிட்டிருந்தது."

தொட்டிகளில் அழையாமல் வருகிற நத்தைகளில் மூன்று வகைதான் அவளுக்குப் பழக்கம். ஒன்று, கொப்புளம் மாதிரி உருண்டு, மெல்லிய ஓட்டோடு இருக்கும். இன்னொன்று தட்டையாகச் சுருட்டி வைத்த கயிறு போல் இருக்கும். இந்த இரண்டும் இலைகளில் வழவழவென்று முட்டையிடும்; கடைச் செடியோடு வருவது பெரும்பாலும் இவைதான். மூன்றாவது நீளமாக, கூம்பாக, திருகாணி மாதிரி இருக்கும். ஊசி நத்தை என்பாள். அது முட்டையிடாது, குட்டி போடும். பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும். பகலிலேயே கண்ணாடியில் ஏறுகிறது என்றால், உள்ளே கூட்டம் தாங்கவில்லை என்று அர்த்தம்.

தட்டில் இருந்த ஐந்தும் ஊசி நத்தைகள். ஐந்துக்கும் நுனி மழுங்கி, சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்திருந்தது. நுனிக்குக் கீழே ஓடு பழுப்பாக, வழுவழுப்பாக இருந்தது.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். சன்னலோரம் இருந்த தன் சொந்தத் தொட்டிக்குப் போய், மணலில் விரலை விட்டுக் கிளறினாள். ஊசி நத்தைகள் வந்தன. யாரோ வேண்டாம் என்று கொடுத்த தொட்டியின் பழைய மணலோடு வந்தவை. மணலைக் கிளறிக் கொடுக்கின்றன என்று அவற்றை விட்டுவைத்திருந்தாள். இந்தத் தொட்டிக்கு மாடியில் பிடித்த மழைத் தண்ணீரைத்தான் ஊற்றுவாள். மழைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லை. அதில் பிறக்கிற நத்தையின் ஓடு நுனியிலிருந்து கரைய ஆரம்பிக்கும். பல் டாக்டரிடம் வருவது சுண்ணாம்பு மிகுந்த உப்புத் தண்ணீர். கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு படியும் அளவுக்கு. அங்கே பிறந்த நத்தைக்கு நுனி கரையாது.

நத்தையின் நுனி குழந்தைப் பருவத்தில் உண்டாவது. இந்த ஐந்தும் குழந்தைப் பருவத்தை இந்த வீட்டில் கழித்தவை.

நாலு மாதத்துக்கு முன்னால் நடந்தது ஞாபகம் வந்தது. டாக்டரின் தொட்டியில் நாடா போல் நீண்ட இலைச் செடி வேர் பிடிக்கவில்லை. தன் தொட்டியிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கி, வேர் அறுந்துவிடக் கூடாது என்று ஒரு கைப்பிடி மணலோடு அப்படியே கொண்டுபோய் நட்டாள். படிகாரத் தண்ணீரில் போடவில்லை. கடைச் செடியைத்தான் சந்தேகப்பட வேண்டும். இது வீட்டுச் செடி.

கணவர் ஒரு நத்தையைத் தூக்கிப் பார்த்தார். "நுனியெல்லாம் சொத்தை. சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அவரே கேட்டார்: "சொல்லப் போறியா?"

"சொல்லி? தீனி அதிகம்ங்கறதும் நெசம்தானே."

"நெசம்தான்."

அந்த வாரம் மற்ற ஆறு தொட்டிகளிலும் மணலைக் கிளறிப் பார்த்தாள். எதிலும் இல்லை. சீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தாள். சாயங்காலம் பூட்டும் முன், ஒரு துண்டு வெள்ளரிக்காயை முள்கரண்டியில் குத்தித் தொட்டியின் அடியில் விட வேண்டும். காலையில் திறந்ததும் விளக்குப் போடாமல் அதை வெளியே எடுக்க வேண்டும். நத்தைகள் அதில் அப்பிக்கொண்டிருக்கும்.

"எடுத்து?"

"தோட்டத்துல கீட்டத்துல விட்டுடாதீங்க. சாக்கடையிலயும் வேணாம். ஒரு டப்பாவில போட்டு வையுங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

அடுத்த செவ்வாய் போனபோது அவர் மேசை மேல் ஒரு காகிதத்தை வைத்திருந்தார். நாள்வாரியாக எண்கள். அறுபத்து மூன்று, எழுபத்தொன்று, ஐம்பத்தெட்டு.

"வெள்ளரியைத் தடிமனா வெட்டினா அதிகம் வருது. மெல்லிசா வெட்டினா இறால்தான் வந்து உக்காருது" என்றார். கண்டுபிடித்தவரின் குரல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வர்ற திங்கள்லேர்ந்து நான் உள்ள. கருவி கழுவற ரூம்ல. இங்க வேற பொண்ணு வருதாம்."

"அங்க நின்னுக்கிட்டே இல்ல வேலை?"

"நின்னுக்கிட்டேதான். காலையிலேர்ந்து பூட்டற வரைக்கும்." முழங்காலைத் தடவினார். "என்ன பண்றது. சொன்ன பேச்சு கேக்காம நான்தானே போட்டுக் கெடுத்தேன். டாக்டர் மேல தப்பில்ல."

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. பெஞ்சில் இருந்த சிறுமியின் முகம் கோணியது. சீட்டுக்காரரின் கை டப்பா இருந்த இடத்துக்குப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பியது. சிறுமி அழ ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து அவள் தம்பி.

தொட்டிக்காரம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். வீறிட்ட குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்து நாற்காலியில் சாய்ந்தவர் ஒரு பெரிய மனிதர். டாக்டர் அவர் வாயில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க."

"அந்த நத்தை என் வீட்டு நத்தை."

டாக்டர் நிமிர்ந்தார். நாற்காலியில் இருந்தவரும் கண்ணை உருட்டி இவளைப் பார்த்தார். அவள் செடியைப் பற்றி, மணலைப் பற்றி, வெள்ளை நுனியைப் பற்றிச் சொன்னாள்.

"அப்ப போன வாரம் சொன்னது பொய்யா?"

"பொய் இல்ல. பாதி."

"நீங்க கொண்டு வந்தீங்க, அவர் வளத்தாரு. அப்படித்தானே?"

"நான் கொண்டு வரலைன்னா அவருக்கு வளக்க ஒண்ணும் இல்ல டாக்டர். கொஞ்சம் தீனி வீணாப் போயிருக்கும். அவ்வளவுதான். அதுக்கு ஆளை நிக்க வைக்க வேண்டியதில்ல. கால்ல தகடு இருக்கு அவருக்கு."

டாக்டர் இடுக்கியைத் தட்டில் வைத்தார். "மருந்து போட்டு மொத்தமா ஒழிக்க முடியுமா?"

"நத்தையைக் கொல்ற மருந்துல தாமிரம் இருக்கும். இறாலும் போயிடும். தீனியைக் குறைச்சு, வெள்ளரி வச்சு எடுத்துக்கிட்டே வந்தா குறையும். ஆனா மொத்தமாப் போகாது. மணலுக்குள்ள நாலு இருந்துக்கிட்டேதான் இருக்கும்."

"ஏதோ பதினோரு வருஷமா நத்தையே வந்ததில்லைன்னு சொல்லுவீங்க."

"சொல்லுவேன்."

பஞ்சுக்காரர் தொண்டையில் ஒரு சத்தம் எழுப்பினார். டாக்டர் அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். குனிந்தபடியே சொன்னார்: "சரி. அவர் மேசையிலேயே இருக்கட்டும். வர்ற பொண்ணு கருவி பாத்துக்கட்டும். தொட்டிக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல டாக்டர்."

அன்றைக்கும் முழு வேலையையும் செய்தாள். உயரமாக வளர்ந்த செடிகளைக் கத்தரித்தாள். கத்தரித்த துண்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டாள். வேறு தொட்டிக்கு எடுத்துப் போகவில்லை. கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தாள். போகும்போது சீட்டுக்காரரிடம் இரண்டு விஷயங்களையும் சொன்னாள். நத்தை தன் வீட்டிலிருந்து வந்தது. அவர் மேசையை விட்டுப் போக வேண்டியதில்லை. மூன்றாவதைச் சொல்லவில்லை.

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். "அப்ப இத்தனை நாளா என் தீனியைத் தின்னு கொழுத்தது உங்க வீட்டு ஆளுங்களா?"

வாளி நிறைய அழுக்குத் தண்ணீர் இருந்தது. அவர் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்து பிடித்தார்.

மூன்றாவதை அவர் அடுத்த செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டிருக்க வேண்டும். புதன்கிழமை காலை ஃபோன் வந்தது. அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "முப்பத்தஞ்சு" என்றார்.

"தொட்டி பாக்கறவர்கிட்ட சொல்லுங்க அண்ணே."

"அவருக்கு எதுக்கு? மெஷின் வச்சிருக்காரு. தண்ணியை வாயில வைக்கறதில்ல, நத்தையைத் திரும்பிப் பாக்கறதில்ல."

அதற்குப் பிறகு தினமும் காலையில் கதவைத் திறந்த கையோடு கூப்பிட்டார். இருபத்திரண்டு. பத்தொன்பது. ஒன்பது. அவள் அநேகமாக அந்த நேரத்தில் ஏதாவது ஒரு தொட்டி வேலையில் இருப்பாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுப்பாள். தீனி டப்பா இன்னும் டாக்டரின் இழுப்பறையில்தான் இருந்தது. அழுகிற பிள்ளைகளுக்கு இப்போது டப்பாவில் இருக்கும் நத்தைகளைக் காட்டுகிறாராம். பாதிப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. மீதிப் பாதி இன்னும் சத்தமாக அழுகிறது.

ஒரு நாள், "இன்னிக்கு நாலுதான்" என்றார்.

"நுனி எப்படி இருக்குன்னு பாருங்க. வெள்ளையா இருக்கா?"

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"இல்லம்மா. எல்லாம் நல்லாக் கூர்மையா இருக்கு."

"அப்ப அதுங்க எங்க வீட்டு ஆளுங்க இல்ல. உங்க பிள்ளைங்கதான்."

"சரி, போகட்டும். இதுங்களை என்ன பண்றது?"

"நாலுதானே? மணல்லயே விட்டுடுங்க."