அப்பாவின் அட்டைக் கால்

எங்கள் லைன் வீடுகளில் வேறு எந்த அப்பாவுக்கும் இல்லாத ஒரு சக்தி என் அப்பாவுக்கு இருந்தது. கோடை மத்தியானத்தில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் தார் இளகிக் கிடக்கும்போது மற்ற அப்பாக்கள் நிழல் பார்த்துத் தாவித் தாவி நடப்பார்கள். என் அப்பா மட்டும் வெறுங்காலோடு நடுரோட்டில் நிதானமாக வருவார். முள் குத்தினாலும் முகம் சுளிக்க மாட்டார். ஒருமுறை அவர் குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்ததை நான்தான் பார்த்துச் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டுப் பிடுங்கி எறிந்தார். மறுநாள் இதை மூன்றாம் வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. வகுப்பில் எனக்கிருந்த மரியாதையில் பாதி அப்பாவின் உள்ளங்கால் சம்பாதித்துக் கொடுத்தது.

அப்பாவுக்குத் தேயிலைக் கிடங்கில் எடை போடும் வேலை. அந்தக் காலத்தில் தேயிலை மரப்பெட்டிகளில் வரும். பெட்டியின் ஓரங்களில் தகரப் பட்டை வைத்துச் சின்னச் சின்ன ஆணியாக அடித்திருப்பார்கள். பெட்டியைப் பிரிக்கப் பிரிக்க அந்த ஆணிகள் தரையெல்லாம் சிதறும். ஒரு மழைக்காலத்தில் அப்பாவின் வலது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்தது. மழை நின்ற பிறகும் அது ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்ததில் சர்க்கரை என்றார்கள். அது பாதத்து நரம்புகளை மரத்துப்போக வைத்துவிட்டது, இனி ஷூ போடாமல் ஓர் அடி எடுத்து வைக்கக்கூடாது, வீட்டுக்குள்ளும்தான் என்றார் டாக்டர். இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றாராம். இதையெல்லாம் அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். எனக்கோ ஷூ என்ற சொல்லுக்கு அப்புறம் எதுவுமே காதில் விழவில்லை.

எங்கள் லைனில் ஷூ என்பது கல்யாண மாப்பிள்ளை ஒரு நாள் போட்டுவிட்டுப் பெட்டியில் வைக்கிற பொருள். என் அப்பா அதைத் தினமும் போடப் போகிறார்! அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவுக்கு மட்டும் வேறு கவலை. வாசலைத் தாண்டி யாருடைய செருப்பும் உள்ளே வராத வீடு எங்களுடையது. முன்னறையில் முருகன் படம் இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, படத்தைக் கழற்றிச் சமையலறை அலமாரியில் மாட்டினாள். "அவர் இங்க வராம இருந்தாப் போதும். சாமி கோவிச்சுக்காது" என்றாள். அன்றிலிருந்து அப்பா சமையலறை வாசலிலேயே நின்று கும்பிட்டார்.

ஷூ வாங்க நாங்கள் எல்லோருமே கிளம்பினோம். அப்பா, அம்மா, நான், எங்களோடு தங்கி ஒரு ஹோட்டலில் சப்ளையராக வேலை பார்த்த மாமா. மாமா அம்மாவின் தம்பி. எதற்கும் அவரிடம் ஒரு யோசனை தயாராக இருக்கும். பஜாரில் ஒரு கடைக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கிக் காட்டினார். அப்பா ஒவ்வொன்றிலும் காலை நுழைத்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். அகலமானதும் நன்றாக இருந்தது, குறுகலானதும் நன்றாக இருந்தது. இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கடைக்காரர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். கடைசியில் கறுப்பாகப் பளபளவென்று ஒரு ஜோடி வந்தது. அதில் காலை நுழைத்த அப்பா முதல் முறையாக முகம் மலர்ந்து, "இது நல்லாப் பிடிக்குது, கேட்டோ. கால் இருக்கிறது தெரியுது" என்றார். நான் கைதட்டினேன். நடக்கும்போது அது கீச் கீச்சென்று சத்தம் வேறு போட்டது. அதற்கு மேல் ஒரு ஷூவிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

மறுநாள் வேலை முடிந்து வந்து அப்பா ஷூவைக் கழற்றினார். இடது சுண்டுவிரல் ஓரம் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்பளித்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா அந்த ஷூவை எடுத்துத் தன் காலில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனார். வரும்போது ஷூ கையில் இருந்தது.

"அத்தான், என் கால் உங்க காலைவிடச் சின்னது. எனக்கே உயிர் போயிட்டு. இதையா காலையிலேர்ந்து போட்டிருந்தீங்க?"

அப்பா ஷூவை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தார். இறுக்கிப் பிடிக்கிற ஷூவைத்தான் அவர் கால் கொஞ்சமாவது உணர்ந்தது, அதைத்தான் அவர் சுகம் என்று நினைத்தார் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு புரிந்துகொண்டது.

கொப்பளத்துக்குக் கட்டுப் போட்ட சிஸ்டர் அம்மாவிடம் ஒரு வழி சொன்னார். காலை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையை ஷூவுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஓரம் மடங்கினால் அந்த ஷூ ஆகாது. அதுவும் சாயங்காலம் வரைய வேண்டும், அப்போதுதான் கால் ஊதியிருக்கும். வீட்டில் இருந்த ஒரே கெட்டி அட்டை காலண்டர்தான். அதில் சரஸ்வதி இருந்தாள். "சரஸ்வதியில கால் வரையவா?" என்று அம்மா போட்ட சத்தத்தில் மாமா பக்கத்துத் துணிக்கடைக்கு ஓடி ஒரு சட்டைப் பெட்டியோடு திரும்பினார். அப்பா அட்டைமேல் நின்றார். மாமா வரைந்தார். பென்சிலைக் கடைசிச் சுற்றுக்கு நான் பிடுங்கிக்கொண்டேன். பிறகு அப்பா காலைத் தூக்கியபோது பென்சில் முனையால் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டினேன். அப்பா சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கொப்பளம் ஆறுகிற வரை அப்பா நடக்கக்கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு அவருடைய கால்கள் மட்டும் எறணாகுளத்துக்குக் கிளம்பின. கூட மாமாவும் நானும். கால்களைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. அதற்காகவே புதுப் பாவாடை உடுத்திக்கொண்டேன். படகுத்துறையில் மாமா சாயா வாங்கிக் குடித்தார், எனக்கு வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த ஒரு பழம்பொரி. படகில் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அப்பாவின் வலது கால், இடது கால் இரண்டையும் வைத்துக்கொண்டு வந்தேன். துறைமுகத்துக் கப்பல்கள் நெருங்கி வந்தன. நான் கப்பலைப் பார்த்து வாயைப் பிளந்த நேரம், ஒரு காற்று அடித்து இடது கால் பறந்து காயலில் விழுந்தது.

"அய்யோ! கால் போச்சு! எங்க அத்தான் கால் தண்ணியில போச்சு!" என்று மாமா எழுந்து நின்று கத்தினார்.

படகு முழுவதும் எழுந்தது. "காலோ? ஆருடெ காலு?" என்று நாலு பேர் கேட்டார்கள். சட்டை போட்டு முண்டு கட்டிய ஒரு கிறிஸ்தவ அம்மச்சி, வல்லார்பாடம் மாதா கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பிக் கண்ணை மூடி, "என்டெ வல்லார்பாடத்தம்மே!" என்று கைகூப்பினாள். காயலில் விழுந்தவரை அந்த மாதா கைவிட மாட்டாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். படகுக்காரர் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, நீளக் கழியோடு ஓடி வந்து தண்ணீரைத் துழாவினார். கழியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்தது ஓர் அட்டை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். அவர் மலையாளத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. அம்மச்சி மட்டும் கோபப்படவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த ஈர அட்டையை வாங்கி, தன் முண்டின் நுனியால் ஒற்றி என் மடியில் வைத்தாள்.

ஈரத்தில் அட்டை ஊறி அகலமாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. மாமா அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அழாதடீ. சாயங்காலமானா அத்தான் காலும் இப்படித்தான் இருக்கும். மாதா சரியான அளவுதான் தந்திருக்கா" என்றார்.

எறணாகுளத்தில் நாங்கள் ஏறி இறங்காத கடை இல்லை. "கால் எவிடெ சேட்டா?" என்று கடைக்காரர் கேட்பார். "கால் மட்டாஞ்சேரில இருக்கு. இது அதோட காப்பி" என்று மாமா பதில் சொல்வார். தோல் ஷூ எதை எடுத்தாலும் அட்டை உள்ளே போனதும் ஓரம் சுருண்டது. ஊறிப்போன இடது கால் எதற்கும் மசியவில்லை. எனக்கு ஒவ்வொரு கடையும் ஒரு திருவிழா. சுருளுகிறதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் கண் இமைக்காமல் குனிந்து பார்த்தேன். கடைசியில் படகுத்துறைக்குத் திரும்பும் வழியில், கப்பல் வேலைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் தடித்த ரப்பர் அடி வைத்த துணி ஷூ இருந்தது. முன்பக்கம் நல்ல அகலம். மாமா கையை விட்டு உள்ளே தையல் உறுத்துகிறதா என்று தடவினார். பிறகு நான் இடது காலை விட்டேன். அது எங்கும் மடங்காமல் சமத்தாகப் படுத்துக்கொண்டது. நானும் மாமாவும் போட்ட கூச்சலில் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

படகில் வரும்போதுதான் அதை நிதானமாகப் பார்த்தேன். பேக்கரி ரொட்டி இரண்டைச் சேர்த்து வைத்தமாதிரி பழுப்பாக, உப்பலாக இருந்தது. கீச் சத்தம்கூடக் கிடையாது. லைனில் எப்படித் தலை காட்டுவது என்று கவலையாகிவிட்டது.

கொப்பளம் ஆறிய பிறகு அப்பா அதைப் போட்டுக்கொண்டு முன்னறையில் நடந்தார். "எப்படி இருக்கு அத்தான்?" என்று மாமா கேட்டதும், "நல்லாத்தான்..." என்று தொடங்கினார். "அவரைக் கேக்காதடா" என்று அம்மா தடுத்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்துக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, எங்காவது சிவந்திருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்த்தாள். எங்கும் சிவக்கவில்லை. மாமா விசிலடித்தார். அம்மா சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பது அவள் சிரித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. தினமும் காலையில் அப்பா ஷூவைப் போடும் முன் உள்ளே கையை விட்டு மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். கல், மண் இருந்தால் எடுக்க வேண்டும். முதல் நாளே கட்டைவிரல் பக்கம் ஆரஞ்சுச் சுளை மாதிரி ஒரு நாரங்கா மிட்டாய் கிடைத்தது. மறுநாள் குதிகால் பக்கம். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. அப்பா ஒன்றும் தெரியாதவர்போலப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். எனக்குக் கண் விழித்ததும் பல் விளக்குவதற்கு முன் ஷூ ஞாபகம்தான் வரும்.

ஒருநாள் விட்ட கையை "ஆ!" என்று அலறி இழுத்தேன். விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். தேயிலைப் பெட்டியின் நீள ஆணி ஒன்று அடி ரப்பரில் ஏறி, அதன் முனை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா விளக்கோடு ஓடி வந்தாள். அவளும் அப்பாவும் என் விரலை விட்டுவிட்டு அப்பாவின் உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. மிட்டாயும் இல்லை, கவனிக்க ஆளும் இல்லை என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அப்பா அந்த ஆணியைப் பிடுங்கி வெகுநேரம் பார்த்தார். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் வரும்போது ஒரு பெரிய பொட்டலம் கறுப்பு அல்வா வாங்கி வந்தார். அவ்வளவும் எனக்கு மட்டும்.

கல் எடுத்தால் ஒன்றுமில்லை, மிட்டாய் எடுத்தால் மிட்டாய், ஆணி எடுத்தால் அல்வா என்று கணக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. மறுநாளிலிருந்து ஷூவில் கையை விடுவதற்கு முன் சமையலறைக்குப் போய் முருகன் படத்தின் முன் கண்ணை மூடி நின்றேன். இன்றைக்கும் ஓர் ஆணி இருக்கட்டும், முடிந்தால் பெரியதாக இருக்கட்டும் என்று உருகி உருகி வேண்டிக்கொண்டேன். பக்கத்திலேயே அம்மாவும் கண்ணை மூடி, உதடு அசைய நிற்பாள். அவள் என்ன கேட்கிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. பிறகு எத்தனையோ காலைகளில் துழாவியும் ஓர் ஆணிகூட அகப்படவில்லை. இரண்டு பேர் நின்று இவ்வளவு கும்பிட்டும் இந்தச் சாமி காது கேட்காததுபோல் இருக்கிறதே என்று எனக்கு அதன்மேல் கோபம் கோபமாக வந்தது.