வடிவேலு பார்த்த வண்ணக்குளம்

செய்தி வந்தபோது நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா தவறிட்டாங்க மாமா" என்று வடிவேலுவின் மகன் வாசலில் நின்று சொன்னான். காஜா பேராங் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குத்தான் நானும் கிளம்பிக்கொண்டிருந்தேன், வழக்கமான ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு. இதிலும் முந்திக்கொண்டாரே என்றுதான் முதலில் தோன்றியது.

பெண்டஹாரா சாலை ஜவுளிக்கடையில் அவரிடம் சேலை எடுத்த உங்களுக்கு அவர் பழக்கம் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் எதையும் விற்கமாட்டார். மடிப்பைப் பிரித்து வாசல்வரை தூக்கிப்போய், "வெயில்ல பாருங்கக்கா, உள்ளுக்குள்ள நிறம் பொய் சொல்லும்" என்பார். அதே கடையில் அவருக்குப் பக்கத்தில் நின்று விற்றவன் நான். என்னிடம் பேசிக்கொண்டிருந்த பெண்களும் அவர் பின்னாலேயே வாசலுக்குப் போய்விடுவார்கள்.

இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் நெருங்கிய சமயம். ஜாவாவுக்குப் போய் மெழுகுச் சாயம் போட்ட பாத்திக் துணி எடுத்துவர எங்கள் இருவரில் ஒருவரை அனுப்ப முதலாளி நினைத்தார். அங்கேயும் செல்லுபடியாகும் மலாய் வடிவேலுவைவிட எனக்கு நன்றாக வரும். ஆனாலும், "நிறம் பாக்குற கண்ணு அவனுக்குத்தான்" என்று சொல்லி வடிவேலுவை அனுப்பிவிட்டார். போனவர் துணியோடு திரும்பியிருக்கலாம் அல்லவா? அங்கே டியெங் என்ற மலைமேல் ஏறி, பீமன் பேரிலும் அர்ஜுனன் பேரிலும் இருக்கும் பழங்கோயில்களைக் கும்பிட்டு, பக்கத்திலிருந்த வண்ணக்குளத்தையும் பார்த்துவிட்டு வந்தார்.

"இந்தப் பக்கம் கிளிப்பச்சை, அந்தப் பக்கம் மயில்கழுத்து. மேகம் கொஞ்சம் நகந்துச்சு, நடுவுல மஞ்சள் ஓடுது. கந்தக வாடை தலையைச் சுத்துது, ஆனா நகர மனசு வரலடா!"

எனக்கு வயிறு எரிந்தது.

அவர் அங்கே இருந்தபோதுதான் நம் ஊர் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரம் என்றைக்கு என்று அறிவித்தார்கள். நான் கூட்டத்தில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். திரும்பி வந்தவரிடம் அதைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம ஊர்லயே நடந்துச்சு, நான் இல்லாம போயிட்டேனே!" என்றார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை ஏன் மறைக்க வேண்டும்? அதன்பின் ஞாயிறுதோறும் அவர் குளத்துப் பேச்சை எடுப்பார், நான் திடல் பேச்சை எடுப்பேன். தேநீர் ஆறிப்போகும்.

என்றாவது நானும் போய் அந்தக் குளத்தைப் பார்த்துவிடுவேன் என்றிருந்தேன். இந்தோனேசியாவோடு மோதல் வந்து வழி அடைபட்டது. "விடுடா, நான்தான் சொல்றேனே" என்பார். அதுதான் இன்னும் எரிச்சல்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி அஞ்சலை சொன்னார்: "கடைசி ரெண்டு நாள் படுத்துக் கெடந்தப்பவும் உங்க பேச்சுதாண்ணே. 'குளத்தை அவனுக்கே குடுத்துடறேன், திடலை எனக்குத் தருவானா, கேளு'ன்னாரு."

நேரில் கேட்டிருந்தால் தரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன, நான் நின்ற திடலும் அவர் சொன்ன குளமும். நேற்று ஒரு பெண் பச்சைச் சேலை கேட்டார். வாசலுக்குத் தூக்கிப்போய் வெயிலில் விரித்தேன். வடிவேலு குளத்தில் பார்த்த பச்சை இதுதானா என்று கேட்க ஆளில்லை. திடலில் நின்றவன் என்று என்மேல் பொறாமைப்படவும் இனி ஆளில்லை.