உப்புப் பேரைச் சொல்லாத டீச்சர்

செசிலியாவை நெய்வேலியில் அவர்கள் பிளாக் பூராவும் அழுத்தக்காரி என்பார்கள். பின்னே? சென்னையில் நிலக்கரிச் சாம்பலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள், ஆராய்ச்சி வேலையை உதறிவிட்டு, ஒரு தனியார் பள்ளியில் சம்பளமே இல்லாமல் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள வந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

"இதுக்கா அம்மாம் படிப்பு படிச்ச?" என்று தலையில் அடித்துக்கொண்டார் மைன்ஸில் பெர்மனன்ட்டாக இருக்கும் அப்பா இருதயசாமி.

"சாம்பலோட மாரடிச்சது போதும்ப்பா. இனிமே பசங்களோட மாரடிக்கிறேன். கிளாஸ் எடுத்த அனுபவம் இருந்தாத்தான் டீச்சர் வேலைக்குக் கூப்புடுவாங்க. நான் போவத்தான் போறேன்."

போனாள். முதல் நாளே பிளஸ் டூ பிள்ளைகள் வந்து மொய்த்துக்கொண்டார்கள். "மேடம், என்ன உப்புன்னு மட்டும் சொல்லிடுங்க. மீதிய நாங்களே எழுதிக்கிறோம்."

காலங்காலமாக அங்கே உப்புப் பரிசோதனை நடந்த அழகு அதுதான்! செய்முறைத் தேர்வில் கண்டுபிடிக்கக் கொடுத்த உப்பின் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு புத்தகத்தில் இருப்பதை அப்படியே இறக்கிவிடுவார்கள். சோதனைக்குழாய் நனையவே நனையாது. செசிலியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சொல்ல மாட்டேன். செஞ்சி கண்டுபுடிங்க."

விஷயம் முதல்வர் சிவசங்கர் காதுக்குப் போனது. "எங்களுக்கு ரிசல்ட் முக்கியம்மா. மாதிரித் தேர்வுல ஒரே ஒருத்தர் தப்பா எழுதினாலும் அனுபவச் சான்றிதழ மறந்துடுங்க" என்றார். அந்தச் சான்றிதழுக்காகத்தான் அவள் வந்ததே. ஆனாலும் தேர்வன்று உப்பின் பெயரைச் சொல்லவில்லை.

வெண்மதியைத் தவிர எல்லாரும் சரியாக எழுதினார்கள். அவள் ஸ்ட்ரான்ஷியத்தைக் கால்சியம் என்று எழுதிவிட்டாள். தீயில் காட்டினால் இரண்டுமே சிவப்பு, ஆளை ஏமாற்றிவிடும்.

"முன்னாடியே சொல்லிக் குடுத்திருந்தா இது வந்திருக்குமா? நீங்க கெளம்பலாம்" என்றார் சிவசங்கர், பிள்ளைகள் முன்னாலேயே. இத்தனை மாத உழைப்பும் பாழ். செசிலியா பையை எடுத்துக்கொண்டாள்.

"மேடம்" என்று வெண்மதி வழியில் வந்து நின்றாள். "நான் பாத்தது செவப்புதான். அப்புறம் எங்க தப்பு பண்ணேன்? இன்னொரு வாட்டி செஞ்சி பாக்கட்டுமா?"

மார்க் போன பிறகு அந்த ஆய்வகத்தில் ஒரு பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லை. செசிலியா பையைக் கீழே வைத்தாள்.

"அதான் கெளம்புங்கன்னு சொன்னேனே!" என்றார் சிவசங்கர்.

"சான்றிதழ நீங்களே வச்சிக்கிங்க சார். பொண்ணு கேட்டுக்கினு நிக்குது. கிளாஸ் இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு, பர்னரைப் பற்றவைத்தாள்.