திருமதி வடிவா

விஜயேந்திரன் தன் அறுபத்திரண்டு வருட வாழ்க்கையில் நிரந்தரமாக வகித்த பதவி ஒன்றே ஒன்றுதான். மீனலோசனியின் கணவர். மற்றதெல்லாம் தற்காலிகம்.

மலேசியாவில், குளுவாங்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். அதில் கடைசி ஏழு வருடம் தலைமைக் கிராணியின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையில் ‘பெமாங்கு’ என்ற சொல் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது. பொறுப்பு வகிப்பவர் என்று அர்த்தம். அதை எடுத்துவிடச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்த மனுஷன், தனக்கென்று ஒன்று எழுதவில்லை. கேட்டு வாங்குவது அவருக்கு வரவே வராது.

கால்பந்திலும் அதே கதைதான். இளவயதில் அரசாங்க ஊழியர் குழுவில் பதினொரு வருடம் இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பர் சபாபதிக்குத் தலைவலிகூட வந்தது கிடையாது. பதினொரு வருடத்தில் விஜயேந்திரன் வலைக்கு முன்னால் நின்றது மொத்தம் இருபது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் கையுறையை மாட்டிக்கொண்டு திடலோரப் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்பு அந்த ஒரே நிரந்தரப் பதவியும் போய்விட்டது. மீனலோசனிக்கு நெஞ்சில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான்காம் நாள் மாலை அவளே அவரை விரட்டினாள். “இஞ்சாருங்கோ, நாலு நாளா இந்தக் கதிரையிலயே இருக்கிறியள். வீட்டை போய் வடிவாப் படுங்கோ. கேட்டை வடிவாப் பூட்டுங்கோ.” அவர் சொன்னபடி கேட்டார். வடிவாகப் பூட்டினார், வடிவாகத் தூங்கினார். காலையில் இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் அழவில்லை. மரணச் சான்றிதழ், சுடலைக்கான அனுமதி என்று எல்லாத் தாள்களையும் அவரே நிரப்பினார். எல்லாவற்றிலும் அவள் பெயரை ஓர் எழுத்து பிசகாமல் எழுதினார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. பிள்ளைகள் கிடையாது. சொல்வதற்கு வீட்டில் ஆளும் கிடையாது.

இப்படி இருந்தவரிடம்தான் மூர்த்தி வந்து சேர்ந்தான். வந்தான் என்று சொல்வது தப்பு. செனாயில் தொழிற்சாலை வேலை முடித்து மழையில் மோட்டாரில் வந்தவன், லாரிக்கு வழிவிடப் போய்ச் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். படுத்தபடியே போன் செய்தான். விஜயேந்திரன் குடியிருந்த லாயாங் லாயாங்கில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்களுக்குச் சனிக்கிழமை தோறும் கால்பந்து சொல்லிக் கொடுப்பவன் அவன்.

“சார், ஏழே வாரம். நீங்க ஒண்ணும் ஓட வேணாம். பையனுங்க அடிச்சுக்காம பாத்துக்கிட்டா போதும் லா. நான் வந்துருவேன்.”

“ஏழு வாரந்தானே மூர்த்தி. பாத்துக்கிறேன்” என்றார் விஜயேந்திரன். இன்னொரு பெமாங்கு.

திடல் அவர் வீட்டுக்கு எதிரே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். முதல் சனிக்கிழமை அவர் இரும்பு வளையம் போட்ட கோப்பு ஒன்றோடு போய் நின்றார். பதினாலு பையன்களுக்கும் அதில் ஆளுக்கொரு பக்கம். தாமதமாக வந்தால் அப்பா கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். யார் எத்தனை நிமிடம் விளையாடினார்கள் என்று பேனாவால் குறித்தார். மூர்த்தியின் காலத்தில் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்த தர்விந்திரன் என்ற குண்டுப் பையன் அன்று இருபத்தைந்து நிமிடம் விளையாடினான். பலகையில் உட்காருவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? இந்தக் குழுவில் எல்லாரும் விளையாட வேண்டும், தோற்றாலும் சரி என்று சொல்லிவிட்டார். தோற்கவும் செய்தார்கள்.

எல்லாவற்றையும்விட விநோதம் அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம் என்றாலும், வெளியில் அவர் எல்லாரையும் போலத்தான் பேசுவார். பள்ளிக்கூடத்தில் சகபையன்கள் கேலி செய்ததில் சிறு வயதிலேயே ‘ஓம்’, ‘கதை’, ‘வடிவு’ எல்லாவற்றையும் வீட்டோடு விட்டுவிட்டவர். பிறகு வீட்டிலும் அவற்றைச் சொன்னது மீனலோசனி மட்டும்தான். அவளுக்கு ‘வடிவா’ இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. நன்றாக, ஒழுங்காக, கவனமாக, அழகாக, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். வடிவாச் சாப்பிடுங்கோ. வடிவாப் பாத்து மோட்டார் ஓடுங்கோ. இப்போது திடலில் பந்து பையன்கள் காலை விட்டுத் தப்பி ஓடும்போதெல்லாம் அவர் தொண்டையிலிருந்து அந்தச் சொல்தான் புறப்பட்டது.

“வடிவா! வடிவாப் பாத்து அடி! வடிவா நில்லு!”

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு வாரம் சிரித்தார்கள். மூன்றாம் வாரம் சிரிப்பு நின்றது. கேப்டன் சரண் அவருக்கென்று ஐஸ் போட்ட பார்லித் தண்ணீர் வாங்கி வந்தான். பந்துப் பையைத் தூக்க அவரை விடவில்லை. அவர் ‘வடிவா’ என்று கத்தினால் எல்லாரும் ஒரு கணம் தலைகுனிந்து, அப்புறம் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். கோப்பு வைத்து நடத்தியதற்குக் கிடைத்த மரியாதை என்று விஜயேந்திரன் நினைத்துக்கொண்டார். பாவம், கிராணி புத்தி வேறெப்படி நினைக்கும்?

ஆனால் அந்தச் சனிக்கிழமைகள் அவருக்கு வேண்டியிருந்தன. வெள்ளிக்கிழமையே ஷூவைத் துடைத்து வைத்தார். வாரத்தில் ஒரு நாள் பதினாலு பேர் அவரை ‘சார்’ என்று கூப்பிட்டார்கள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் குளிர்பெட்டி மட்டும்தான் சத்தம் போட்டது. ஏழாம் வாரம் நெருங்க நெருங்க மிச்சமிருந்த சனிக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூர்த்தியிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும்: நானும் கூட நிக்கட்டுமா? வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தார்.

ஏழாம் சனிக்கிழமை பண்டார் தெங்காராவில் போட்டி. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே திடல். மூர்த்தி ஊன்றுகோலோடு வேனில் வந்து இறங்கினான். பையன்கள் வரிசையாக நின்றார்கள். எல்லார் இடது கையிலும் கறுப்பு டேப். சரணின் அப்பா வயரிங் வேலை செய்பவர். கம்பியில் சுற்றுகிற டேப் அது.

“என்ன மூர்த்தி இது?”

மூர்த்தி அவர் தோளைத் தொட்டான். “பசங்க ஏற்பாடு சார். உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னுட்டானுங்க. உங்க வீட்டு அக்கா தவறிப்போனது அவனுங்களுக்குத் தெரியும். நீங்க திடல்ல அவங்க பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிடுறீங்களாமே. அவனுங்களால தாங்க முடியல சார்.”

“பேரா? என்ன பேர்?”

அதற்குள் சரண் நடுத்திடலில் நடுவரோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தான். நடுவர் தலையாட்டினார், தொப்பியைக் கழற்றினார், விசில் ஊதினார். இரண்டு குழுவும் நின்ற இடத்தில் நின்றன. ஒலிபெருக்கியில் நடுவரின் குரல் வந்தது: மெண்டியாங் புவான் வடிவா அவர்களுக்காக ஒரு நிமிட மௌனம். மறைந்த திருமதி வடிவா.

விஜயேந்திரனின் கை தானாக மேலே போனது. பெயரில் ஓர் எழுத்து பிழைத்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிய முப்பத்தைந்து வருடக் கை. தப்பு, அது பெயரே இல்லை, அவள் பெயர் மீனலோசனி என்று சொல்ல வாயைத் திறந்தார். ஏழு வாரமாக இந்தத் தொண்டையிலிருந்து கூப்பிட்டது வேறு யாரை? அந்தச் சொல் அவருடையதா? அவர் அதை எப்போதாவது சொன்னதுண்டா? அவளை எங்கும் கூப்பிட முடியாமல்தான் அவர் திடலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு விளங்கியது, அவருக்கு விளங்கவில்லை.

கையைக் கீழே இறக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிழையான பெயரைத் திருத்தாமல் விட்டார். பிறகு அழுதார். எட்டு மாதத்து அழுகை. ஒரு நிமிடம் முடிந்து விசில் ஊதிய பிறகும், ஆட்டம் தொடங்கிய பிறகும் கோப்பை முகத்தில் வைத்துக்கொண்டு, வெட்கம் பார்க்காமல், தோள் குலுங்க அழுதார். பையன்கள் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தது தர்விந்திரன். அதைக்கூட அவர் பார்க்கவில்லை.

திரும்பும்போது வேன் அவர் வீட்டு முன்னால் நின்றது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். தயார் செய்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

“மூர்த்தி, வர்ற சனிக்கிழமை நான்...”

“வேணாம் சார்.” மூர்த்தியின் கண்ணும் கலங்கியிருந்தது. “உங்களை இந்த நிலையில பாத்துட்டு இன்னும் கூப்பிட்டா நான் மனுசனே இல்ல. திடலுக்கு வந்தாலே உங்களுக்கு அக்கா ஞாபகம். ஏழு வாரம் எங்களுக்காகத் தாங்கிக்கிட்டீங்க. போதும் சார், வீட்டுல நிம்மதியா இருங்க.”

இல்லையப்பா, எனக்கு அந்த ஞாபகம்தான் வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். வேனில் பதினாலு முகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. விஜயேந்திரன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மூர்த்தியிடம் கொடுத்தார். இரும்பு வளையக் கோப்பையும் கொடுத்தார். “தர்விந்திரனைப் பலகையில உக்கார வெச்சிராதீங்க” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பழக்க தோஷத்தில் ஆறு மணிக்கே எழுந்துவிட்டார். ஷூவைப் போட்டுக் கயிறு கட்டிய பிறகுதான் நினைவு வந்தது. வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பாதைக்கு அந்தப் பக்கம் மூர்த்தியின் விசில் கேட்டது. செம்பனை எண்ணெய்த் தொட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு சரக்கு ரயில் போனது. அது போய் முடிந்ததும் ஒரு பையனின் குரல், சரணுடையதாகத்தான் இருக்க வேண்டும், தெளிவாக வந்தது.

“டேய் தர்வின், வடிவாப் பாத்து அடிடா!”

இன்னொரு குரலும் அதையே சொன்னது. பிறகு எல்லாரும்.

“மீனா” என்றார் விஜயேந்திரன், வாய்விட்டு. “கேக்குதா?”

பிறகு எழுந்து போய்க் கேட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். வடிவாகத்தான் பூட்டியிருந்தது.