செக்கிங் இல்லாத பெயின்டர்

பெயின்டிங் காண்ட்ராக்ட் எடுத்தவனுக்குத் திருவண்ணாமலையில் ஒரு தனிக் கஷ்டம் உண்டு: ஊரே தீபத்துக்கு முன்னால் வண்ணம் அடிக்கச் சொல்லும், அடைமழையும் அப்போதுதான் வரும். நீங்களும் காண்ட்ராக்ட்காரர் என்றால் இதற்கு மேல் விளக்க வேண்டாம். தொண்ணூறுகளில் எனக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்தது. என் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இலங்கை அகதி முகாமிலிருந்து வந்தவர்கள்.

தலை எண்ணும் நாள்

முகாமில் அவ்வப்போது 'செக்கிங்' நடக்கும். அதிகாரி பெயர் வாசிக்கும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பதிவுக்கே ஆபத்து. ஒரு தீபத்துக்கு முந்தின வாரம், சாரம் கட்டி, லாட்ஜ் முகப்பில் பாதி மஞ்சள் ஏறியிருந்தபோது தகவல் வந்தது. அன்று சாரத்தில் நின்ற அத்தனை பேரும் முகாம்காரர்கள்; பிரஷ்ஷைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தொப்பையோடு நானே சாரத்தில் ஏறினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. லாட்ஜ்காரர் கீழே நின்று கேட்டார்: "இன்னா மேஸ்திரி, மழைக்கு லீவு வுட்டா புரியுது. ஆளை எண்றதுக்கெல்லாமா லீவு வுடுவாங்க?"

பெங்களூர்க்காரர்

அந்த ஆட்களில் யோகராஜ் மரத்துக்குப் பாலிஷ் போட்டால் கதவில் முகம் பார்க்கலாம். செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வேலை. அங்கே தங்கியிருந்த பெங்களூர்க்காரர் ஒருவர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, என் கண்ணெதிரிலேயே அவனை வேலைக்குக் கூப்பிட்டார். தங்க இடம், இரண்டு மடங்கு கூலி.

யோகராஜின் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு முகாமில் ஒரே அறையில், நடுவில் சேலை கட்டி மறைத்துக் குடித்தனம் நடத்துபவன். அந்த அறையிலிருந்து வெளியேற வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே கனவு. ஆனால் மாவட்டம் தாண்டி மாதக்கணக்கில் தங்க அனுமதி கிடைக்காது. மெதுவாகச் சொன்னான்: "வர ஆசைதான் சார். ஆனா நான் எங்க இருக்கணும்னு நான் முடிவு பண்றதில்லையே."

ஐந்து மணி

அவனுடைய அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி அவருக்கு இந்தியக் குடியுரிமை கொடுத்திருந்தும், கலவரத்தில் பத்திரங்கள் உட்பட எல்லாம் போய், குடும்பம் அகதியாகத்தான் படகில் வந்து இறங்கியது. பல வருடம் நடையாய் நடந்து, கடைசியில் யோகராஜ் இந்தியன்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். முகாமைக் காலி செய்து அடி அண்ணாமலையில் வாடகைக்கு வீடு பிடித்தான்.

அந்த வாரம் ஒரு நாள், ஐந்து மணி ஆனதும் வழக்கம்போல் பிரஷ்ஷைக் கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு, முகாமுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து நின்றான். சிரித்தான், கண்ணும் கலங்கியிருந்தது. "மறந்திட்டேன் அண்ணே. இனிமே நான் லேட்டா போனாலும் யாரும் தேட மாட்டாங்க."

கூலி ஏறிய கதை

பெங்களூர்க்காரர் ஞாபகம் எனக்கு உடனே வந்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, ஊர் ஆளுக்குக் கொடுக்கிற கூலியை அவனுக்கும் கொடுப்பதாகச் சொன்னேன். பெரிய மனசு என்று மெச்சுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பஞ்சை பாலிஷில் தோய்த்தபடியே கேட்டான்: "வேலை அதேதான், ஆளும் நானேதான். நேத்து வரைக்கும் இந்தக் கூலி எங்க இருந்திச்சு அண்ணே?"

மிச்சம் இருந்தவர்கள்

யோகராஜ் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போனான். நான் கெஞ்சியும் பார்த்தேன், நிற்கவில்லை. மறுநாள் காலை மற்ற முகாம் ஆட்கள் வேலையைத் தொடங்காமல் என் முன்னால் வந்து நின்றார்கள். அவர்களுக்கு எந்தக் குடியுரிமையும் வருவதாக இல்லை. அவர்களில் மூத்தவரான செல்வம் கோபமே இல்லாமல் கேட்டார்: "அந்தக் கூலி எங்களுக்கும் உண்டா அண்ணே, இல்ல, போக முடிஞ்சவங்களுக்கு மட்டும்தானா?"

கொடுத்தேன். ஆள் நம்மை விட்டுப் போய்விட முடியும் என்று தெரிந்த பிறகுதான் அவன் வேலை எவ்வளவு பெறும் என்று நம்மைப் போன்ற காண்ட்ராக்ட்காரர்களுக்குக் கணக்குப் போடவே வருகிறது.