கல்யாண மேடையில் என் பாட்டு

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் கொல்லை ஒரு சரிவில் இருக்கிறது. அங்கே சாமைக் கதிரில் இறங்கும் கிளியை விரட்டவும், எதிர்ச் சரிவில் நிற்கும் அம்மாவைக் கூப்பிடவும் அடிவயிற்றிலிருந்து குரல் வர வேண்டும். அதனால் எனக்கு மெதுவாகப் பேச வராது. வேலூரில் நர்சிங் படித்தபோது ஹாஸ்டலே இதற்காக என்னைத் திட்டியது.

ஒரு நாள் அறைத்தோழி தன் இயர்போனை என் காதில் செருகினாள். அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தி பாடியது; 'சோல்' (soul) என்னும் வகைப் பாட்டாம். இங்கிலீஷ் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் அவள் எதையும் அடக்கவில்லை என்பது புரிந்தது. அதற்குப் பிறகு வகுப்பில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஊசி போடப் பழகும்போதும் மனசுக்குள் என் சொந்த வரிகள் ஓடின, எங்கள் மலைப் பேச்சிலேயே.

படிப்பு முடிந்ததும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. லீவு நாட்களில் ஒடுகத்தூர்க்காரர் ஒருவரின் ஆர்கெஸ்ட்ராவில் சினிமாப் பாட்டு பாடினேன். அவருக்கு என் குரல் பிடிக்கும், அதன் சத்தம்தான் பிடிக்காது.

"கொஞ்சம் அடக்கிப் பாடு மா. இது கல்யாண வூடு, சண்ட வூடு இல்ல."

அடக்கினேன். எவ்வளவு கத்தியும் ஒருநாளும் வலிக்காத தொண்டை, அடக்கியதில் வலித்தது.

ஒரு வரவேற்பில் அவர் சாப்பிடப் போயிருந்தார். அடுத்த பாட்டுக்கு மைக்கை எடுத்தவள், என்ன நினைத்தேனோ, என் பாட்டைத் தொடங்கிவிட்டேன். 'பஸ்ஸு வந்தா வரட்டும், நான் நடந்தே போறேன்.' கீபோர்டுக்காரர் திகைத்து, தடவித் தடவிச் சுருதியைப் பிடித்தார். பந்தியிலிருந்தவர்கள் ஏதோ தகராறு என்று எட்டிப் பார்த்தார்கள். மணப்பெண் போட்டோக்காரரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி நின்றாள். முடித்தபோது யாரும் கைதட்டவில்லை.

எச்சில் கையோடு ஓடி வந்தார் ஆர்கெஸ்ட்ராக்காரர். "இன்னா பாட்டு இது? யாரக் கேட்டுப் பாடுன?"

"நான் எழுதனதுங்க."

"அப்ப உன் வூட்ல போய் பாடு. நாளையிலிருந்து வராத."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மணப்பெண்ணின் தங்கை பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, அந்தப் பாட்டு எதுல கீது? எங்கக்கா போன்ல எறக்கணும்னு கேக்கறா."

"எதுலயும் இல்ல மா. இப்பதான் பாடுனேன்."

"அப்ப எப்ப வரும்?"

பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியாமல் அங்குமிங்கும் நடந்துகொண்டே கீபோர்டுக்காரருக்குப் போன் செய்தேன். மறுவாரமே அவருடைய நண்பரின் அறையில் பாட்டைப் பதிவு செய்தோம். அது போன் போனாகப் பரவி, சென்னையிலிருந்து பாடக் கூப்பிட்டார்கள். பிறகு பெங்களூர். ஆஸ்பத்திரி வேலையை விட்டேன்.

இப்போது சின்னச் சின்ன அரங்குகளில் என் பாட்டை மட்டும் பாடுகிறேன். ஊர் ஷேர் ஜீப்பில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அம்மா போன் செய்தாள்.

"நல்லாத்தான் கீது. யாரு மேலடி அவ்ளோ கோவம்?"

"யாரு மேலயும் இல்ல மா."

"அப்ப ஒரு எடத்துல உக்காந்து சோறு துன்னு."

சரி என்றேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். புதுப் பாட்டின் இரண்டாவது சரணம் இன்னும் பிடிபடவில்லை. கீழே அடுத்த ஊர்க் கச்சேரிக்கு வண்டி காத்திருந்தது.